அவங்களுக்கும் தெய்வம் வருமா?

போன மாதம் ஆரணி என்னைத் தொலைபேசியில் அழைத்தாள். நான் ஓய்வுபெற்ற கிளை நூலகத்தில், என்னுடைய மேசையில் இப்போது இருப்பவள் அவள்.

“அக்கா, புத்தகத்தை எடுக்கச் சொல்லி ஆக்கள் தாற படிவத்தை மாத்திப்போட்டினம். இப்ப எல்லாம் ஒன்லைன். அந்த மூண்டாவது கேள்வியையும் எடுத்தாச்சு. ஆக்கள் அதில வந்து நிண்டிடினமாம். நீங்கள் அந்தக் குழுவில கனகாலம் இருந்தனீங்கள்தானே. இதைப்பற்றி ஏதும் சொல்லுவீங்களோ?”

மூன்றாவது கேள்வி இதுதான்: இந்தப் புத்தகத்தை முழுவதும் வாசித்தீர்களா?

எடுத்தது சரியா பிழையா என்று எனக்கு உடனே சொல்லத் தெரியவில்லை. அந்தக் கேள்வி பலரைத் திருப்பி அனுப்பியதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு குடும்பத்தை உள்ளே கூட்டிவந்ததையும் பார்த்திருக்கிறேன். வாயால் சொன்னால் பாதி விட்டுப்போகும், எழுதித் தாறன் என்று சொல்லி வைத்தேன்.

நான் கனடாவுக்கு வந்து இறங்கிய காலத்தில் பார்க்டேலில் ஓர் அறையில் நாலு பேராக இருந்தோம். முதல் வேலை ஹோட்டலில் கட்டில் விரிப்பது. இரண்டாவது வேலை நூலகத்தில் திரும்பி வந்த புத்தகங்களை அடுக்குவது. தள்ளுவண்டி நிறையப் புத்தகம், காதில் கம்பளித் தொப்பி, வாயில் எண்கள். அப்படி இரண்டு வருடம். பிறகு மாலை வகுப்பு, பரீட்சை, உதவியாளர், அதற்குப் பிறகு ஸ்காபரோவின் வடகிழக்கு மூலையில் ஒரு கிளைக்கு மாற்றம். மல்வேர்னில் இருந்து பஸ்ஸில் வரும் தமிழ்ச் சனம் நிறைய. “தமிழ் தெரிஞ்ச ஆள் வேணும்” என்று கேட்டு எடுத்தார்கள். ஓய்வுபெறும்வரை அங்கேயே இருந்துவிட்டேன்.

அங்கே எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் ஐலீன். நியூஃபவுண்ட்லாந்தில் மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். நரைத்த தலைமயிரைக் கழுத்தளவில் வெட்டி, கோடையிலும் ஒரு கம்பளிச் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு இருப்பார். சத்தமாகப் பேசமாட்டார். விதியை மீறவும் மாட்டார். தேநீர் இடைவேளை பதினைந்து நிமிடம் என்றால் பதினாறாவது நிமிடம் அவர் எழும்பிவிடுவார். நாங்களும் எழும்ப வேண்டும்.

ஒரு புத்தகத்தை அலுமாரியில் இருந்து எடுக்கச் சொல்லி யாராவது எழுதித் தந்தால் அதைப் பரிசீலிக்க மூன்று பேர் கொண்ட குழு ஒன்று இருந்தது. ஐலீன் அதன் தலைவி. நான் அதில் சேர்ந்த முதல் கிழமை வந்த படிவம், ஒரு தாய் தந்தது. நாய் சாகிற கதையைத் தன் பிள்ளைக்கு ஏன் கொடுத்தீர்கள், பிள்ளை மூன்று நாளாகச் சாப்பிடவில்லை என்று எழுதியிருந்தார். நான் சிரித்தேன். ஐலீன் சிரிக்கவில்லை. படிவத்தின் மூலையில் பென்சிலால் திகதி போட்டார். புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு தரம் வாசித்தார். முதல் தரம் அந்தத் தாயாக, இரண்டாம் தரம் அந்தப் பிள்ளையாக. அப்படித்தான் எப்போதும் வாசிப்பார். பிறகு இரண்டு பக்கத்தில் பதில் எழுதினார். புத்தகம் அலுமாரியில் இருந்தது. தாய் அடுத்த கிழமை வந்து நன்றி சொன்னார்.

“எழுதும்போது அவர் கோபமாக இருந்தார்,” என்றார் ஐலீன் என்னிடம். “எங்கள் பதில் போய்ச் சேரும்போது கோபம் ஆறியிருக்கும். ஆறின ஆளுக்கு எழுத வேண்டும்.”

யோகராசா என்பவர் வந்தது நான் ஓய்வுபெறுவதற்கு நாலைந்து வருடம் முந்தி, ஒரு மாசி மாதத்தில்.

வாசலில் சப்பாத்தைத் தட்டாமல், பனியோடு நேரே என் மேசைக்கு வந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையின் மேலங்கி. ஒரு புத்தகத்தை மேசையில் வைத்தார். எறியவில்லை, ஆனால் எறிய நினைத்துக்கொண்டு வைத்தார்.

“இது உங்கட முத்திரதானே?”

“ஓம் அண்ணை.”

“இத இங்க வைக்கப்படாது. ஆரிட்டச் சொல்லணும்?”

அது ஓர் அமெரிக்க நாவல். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் எடுத்துப்போவார்கள். அந்த நாட்டின் முதல் குடியேற்ற காலத்துக் கதை. கடற்கரையோரம் ஒரு சிறு ஊர். தங்கள் இஷ்டப்படி கும்பிடவேண்டும் என்பதற்காகக் கடல் கடந்து வந்த சனம். அந்த ஊரில் ஹன்னா என்று ஒரு விதவை, இன்னும் சிலரோடு சேர்ந்து, பாட்டும் பிரசங்கமும் இல்லாமல் மௌனமாக இருந்து கும்பிடுகிறாள். அந்த மௌனத்தில் அவளுக்கு உடம்பு நடுங்கும், வாக்கு வரும். ஊர்ப் பெரியவர்கள் அவளை விசாரணைக்கு இழுக்கிறார்கள். அவளுடைய மகள் றூத்தையே சாட்சிக்கு நிறுத்துகிறார்கள். கடைசியில் ஹன்னாவை வண்டியின் பின்னால் கட்டிச் சவுக்கால் அடித்து ஊரெல்லைக்கு வெளியே துரத்துகிறார்கள்.

அமெரிக்கக் கதைகளில் இந்த விஷயம் திரும்பத் திரும்ப வரும். மௌனமாகக் கும்பிட்டவர்கள், காட்டுக்குள் ஒளித்துக் கூடிச் செபித்ததற்காக அடிவாங்கிய அடிமைகள், தங்கள் நடனத்தை ஆடியதற்காகச் சிறைக்குப் போன பூர்வகுடிகள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக அப்படியான நாவல்களின் பட்டியல் ஒன்றை நானே தயாரித்திருந்தேன். யோகராசா கொண்டுவந்த நாவல் அந்தப் பட்டியலில் முதலாவதாக இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

படிவத்தை எடுத்து அவருக்கு மொழிபெயர்த்து நிரப்பினேன். பெயர், விலாசம். என்ன செய்யவேண்டும் என்கிறீர்கள்? ‘எடுத்துவிடவும்.’ மூன்றாவது கேள்விக்கு வந்தோம்.

“இங்கிலீஷ் நான் வாசிக்க மாட்டன். மகள் சொன்னவ, அதில ஒரு பொம்புளய அடிச்சுத் துரத்துற எண்டு.”

“முழுக்க வாசிக்காட்டில் இது குழுவுக்குப் போகாது அண்ணை. திருப்பித் தந்திடுவினம்.”

உண்மையைச் சொன்னால், அதைச் சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் ஆறுதலாக இருந்தது. என் பட்டியல் தப்பியது. அவர் படிவத்தைப் பார்த்தபடி நின்றார். பிறகு கதிரையில் இருந்தார்.

“அப்ப நான் வேற எங்க போற?”

அதற்குப் பிறகுதான் நடந்ததைச் சொன்னார். அவர்கள் மட்டக்களப்புப் பக்கம். மனைவி தங்கேஸ்வரிக்கு ஊரிலேயே கண்ணகி அம்மன் உரு வரும். தெய்வம் ஆடுவார், கட்டுச் சொல்லுவார், அதாவது அம்மனின் வாக்காகக் குறி சொல்லுவார். மல்வேர்னில் அவர்கள் இருந்த வாடகை வீட்டிலும் வெள்ளிக்கிழமைகளில் நாலு பெண்கள் வந்து இருப்பார்கள். படத்துக்கு முன்னால் விளக்கேற்றினால் சில நாட்களில் உரு வரும். ஒரே மகள் டிலானி, பதினைந்து வயது. பள்ளிக்கூடத்தில் இந்த நாவலைப் படித்துவிட்டு, ‘உங்கள் வாழ்க்கையோடு தொடர்புபடுத்தி எழுதுக’ என்ற கட்டுரைக்கு அவள் தன் அம்மாவைப் பற்றி எழுதினாள். அம்மா நடுங்குவா, கத்துவா, நான் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு இருப்பன் என்று.

ஆசிரியை அதை வாசித்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது. சட்டப்படி அறிவிக்க வேண்டும். அறிவித்தார். சிறுவர் நலன் அலுவலகத்தில் இருந்து ஆள் வந்தது. மதிப்பீடு முடியும்வரை தாய் மகளோடு தனியே இருக்கக்கூடாது என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனது.

“ஹாய் பாய் எண்டு சந்தோசமா இருந்த புள்ள. இந்தப் புத்தகத்தப் படிச்சுத்தான் தாயக் காட்டிக் குடுத்தவ,” என்றார். “இப்ப வீட்டுக்க ஆரும் ஆரோடயும் கதைக்கிறல்ல.”

நான் யாழ்ப்பாணத்தில் சைவப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். எங்கள் வீடுகளில் உரு ஆடுவதை மரியாதையான காரியமாக யாரும் நினைத்ததில்லை. இங்கே ஒரு கோயில் திருவிழாவில், உரு வந்து ஆடிய பெண்ணொருத்தியை இரண்டு பேர் தோளில் பிடித்து வெளியே கூட்டிப்போனதைப் பார்த்து, நல்லது செய்தார்கள் என்று நினைத்தவள் நான். யோகராசா சொல்லச் சொல்ல, அந்தப் பிள்ளை பாவம் என்றுதான் எனக்கும் பட்டது.

அவர் போனபிறகு படிவத்தை ஐலீனிடம் கொண்டுபோனேன். மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லை, திருப்பிவிடலாம் என்றேன்.

“ஏன் பதில் இல்லை?”

“அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது.”

ஐலீன் மூலையில் திகதி போட்டார். “உனக்குத் தெரியும்தானே,” என்றார். “சனிக்கிழமை பின்னேரம் சின்ன அறை வெறுமையாக இருக்கிறது. இரண்டு மணித்தியாலம். நீ அவருக்குத் தமிழில் வாசி.”

“முந்நூறு பக்கம் ஐலீன்.”

“அப்படியென்றால் நாலு சனிக்கிழமை வேண்டும்.”

முதல் சனிக்கிழமை யோகராசா மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். மகள் வீட்டில் இருந்தாள், தாயை அவளோடு தனியே விட முடியாது, அதனால் கூட்டிவந்தார். காரணம் அவ்வளவுதான். தங்கேஸ்வரி மெலிந்த உருவம். பழைய மழைக்கோட்டுக்கு உள்ளே இரண்டு ஸ்வெட்டர். மேசையின் அந்தப் பக்கத்தில் கதவுக்குக் கிட்ட இருந்துகொண்டார். நான் வாசிக்கத் தொடங்கியபோது அவர் நிலத்தைப் பார்த்தபடி இருந்தார்.

ஆங்கிலத்தை ஒரு கண்ணால் பார்த்து, வாயால் தமிழ் சொல்லுவது நான் நினைத்ததைவிடக் கஷ்டம். கடல், மீன், குளிர், விறகு எல்லாம் ஓடி வந்தது. ஹன்னா கூட்டத்தில் மௌனமாக இருந்து நடுங்குகிற இடம் வந்ததும் நின்றுவிட்டேன். “அப்ப அவளுக்கு ஆவி வந்தது,” என்றேன்.

தங்கேஸ்வரி முதன்முறையாகத் தலையை நிமிர்த்தினார். “செத்த ஆக்கள்ற ஆவியா?”

“இல்லை, கடவுளின்ர ஆவி. பரிசுத்தமானது.”

“கடவுளுக்கு எப்படிக்கா ஆவி? கடவுள் செத்தா போயிற்றார்?”

யோகராசா அவரை அடக்கப் பார்த்தார். நான் புத்தகத்தை மறுபடி பார்த்தேன். கைகள் முதலில் நடுங்குகின்றன, பிறகு முழங்கால், பிறகு மூச்சு மாறுகிறது, பிறகு அவள் வாயில் இருந்து அவளுடையதல்லாத குரல். வேறு வழி தெரியாமல், “அவளுக்குத் தெய்வம் வந்தது,” என்றேன்.

“அவங்களுக்கும் தெய்வம் வருமா?” என்று கேட்டார் தங்கேஸ்வரி. “வெள்ளக்காரருக்கும்?”

“கதையில அப்படித்தான் இருக்கு.”

“முதல்ல கையா நடுங்கின?”

“ஓம், கை.”

“சரிதான். கைதான் முதல்ல.”

கதவுக்குக் கிட்ட இருந்த கதிரையை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

இரண்டாவது சனிக்கிழமை நாவலில் விசாரணை தொடங்கியது. ஊர்ப் பெரியவர் ஹன்னாவிடம், உனக்கு வருவது பேய் என்று ஒப்புக்கொள், விட்டுவிடுகிறோம் என்கிறார். அதை வாசித்ததும் யோகராசா தன் மேலங்கியின் உள்பக்கத்தில் இருந்து நாலாய் மடித்த ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தார்.

“எங்களுக்கும் ஒரு பேப்பர் தந்தவங்க. அதில என்ன எழுதியிரிக்கு எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்க.”

அது அந்தக் கையெழுத்துத் தாள். காரணம் என்ற இடத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி. கெட்ட ஆவி ஒன்று தன் உடம்புக்குள் நுழைவதாகத் தாய் கூறுகிறார். நான் அதைத் தமிழில் சொன்னேன்.

தங்கேஸ்வரி தாளைத் தன் பக்கம் இழுத்தார். “நான் அப்படிச் சொல்லல்லியே. அம்மன் வாறா எண்டுதானே சொன்ன.”

“ஆர் மொழிபெயர்த்தது?”

“போனில ஒரு ஆள். ஆம்புள. நம்மட ஆள்தான். இழுத்து இழுத்துக் கதச்சவர்.”

அந்த மனிதர் ஆங்கிலத்தில் என்ன சொல்லித் தவித்திருப்பார் என்று எனக்குத் தெரியும். ஒரு கிழமைக்கு முந்தி நானும் ‘ஆவி’ என்று சொன்னவள்தானே. ஆனால் ஒரு சொல் போனில் பிசகியதால் ஒரு பெண் தன் வீட்டில் தன் பிள்ளையோடு தனியே இருக்கக் கூடாதவளாகிவிட்டார்.

அன்று பின்னேரமே ஐலீனிடம் போய், அந்த அலுவலகத்துக்கு நாங்கள் கடிதம் எழுத வேண்டும் என்றேன். என் குரல் உயர்ந்திருக்க வேண்டும். அவர் கதவைச் சாத்தினார்.

“எழுத முடியாது. அது அவர்களுடைய வேலை, அவர்களுடைய கோப்பு. எங்களுக்கு அதில் இடமில்லை.”

“அப்ப பார்த்துக்கொண்டு இருக்கிறதோ?”

“எங்கள் வேலை என்ன?” என்று கேட்டார். “யார் வந்து எந்தக் கேள்வி கேட்டாலும் தேடிப் பதில் கொடுப்பது. யோகராசா ஒரு கேள்வி கேட்டிருக்கிறாரா?”

திங்கட்கிழமை யோகராசாவை வரச்சொல்லி, கேள்விச் சீட்டு ஒன்றில் அவர் பெயரில் எழுதினேன்: இலங்கையின் கிழக்கில் கண்ணகி வழிபாட்டில் தெய்வம் ஆடுதல் என்றால் என்ன? மூன்று நாள் தேடினேன். பல்கலைக்கழகக் கட்டுரைகள், மானிடவியல் ஆய்வுகள், வைகாசியில் அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்திச் சடங்கின் படங்கள். ஆடுகிறவர்கள் எத்தனை நாள் விரதம் இருப்பார்கள், ஊரில் அவர்களுக்கு என்ன மரியாதை, உரு எப்படி வரும், எப்படி இறங்கும், எல்லாம் ஆங்கிலத்தில் பெரிய பெரிய ஆட்கள் எழுதி வைத்திருந்தார்கள். நானும் அப்போதுதான் முதன்முறையாக வாசித்தேன். சைவப் பள்ளிக்கூடத்தில் படித்த எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு கோப்புறையில் ஒழுங்காக வைத்து, மேலே கேள்விச் சீட்டைக் குத்தி யோகராசாவிடம் கொடுத்தேன். ஐலீன் ஒவ்வொரு பக்கத்தையும் புரட்டிப் பார்த்து, ஓரிடத்தில் நான் பென்சிலால் போட்ட கோட்டை அழித்தார்.

“கோடு போட்டால் நாங்கள் வாதாடுவது போல இருக்கும். அவர்களே வாசிக்கட்டும்.”

யோகராசா அந்தக் கோப்புறையைத் தானே சிறுவர் நலன் அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார். அவர்களுடைய கோப்பைப் பொறுப்பெடுத்திருந்த பெண் அலுவலர் இளம் வயது. வாங்கி வைத்துக்கொண்டு, நேரில் வரக்கூடிய மொழிபெயர்ப்பாளரோடு மறுபடி வருகிறேன் என்று சொன்னாராம். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்தது.

மூன்றாவது சனிக்கிழமை றூத் சாட்சி சொல்லும் இடம். அந்தப் பகுதியை வாசிக்காமல் தாண்டிவிடலாமா என்று நான் இரவெல்லாம் யோசித்திருந்தேன். ஆனால் முழுவதும் வாசித்தீர்களா என்பதுதானே கேள்வி. வாசித்தேன். றூத் கூண்டில் ஏறுகிறாள். பெரியவர்கள் கேட்கிறார்கள். அம்மாவின் கண் மாறும், எனக்குப் பயம் வரும், நான் களஞ்சியத்துக்குள் ஒளிப்பேன் என்கிறாள். ஹன்னா கூண்டுக்குக் கீழே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

யோகராசா மேசையில் விரலால் தட்டினார். “பாத்தீங்களா? இதத்தான் எங்கட புள்ள படிச்சிரிக்கி.”

தங்கேஸ்வரி என்னைப் பார்த்துக் கேட்டார். “அந்தப் புள்ள பொய்யா சொல்லுது?”

“இல்லை. அவளுக்கு உண்மையாப் பயம்தான்.”

“பயம் எண்டு தாய்க்கிட்டச் சொன்னதா?”

பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். “சொல்லேல்லை. சொல்லப் போறாள், ஆனால் தாய் அப்ப கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறாள் எண்டு எழுதியிருக்கு.”

நேரம் முடிந்தது. எழும்பும்போது தங்கேஸ்வரி புருசனிடம், “அடுத்த கிழமை புள்ளயையும் கூட்டிக்கொண்டு வருவம்,” என்றார்.

டிலானி வந்தாள். கறுப்பு ஹூடி, காதில் இயர்ஃபோன். என்னைப் பார்த்து “ஹாய் அன்ரி” என்றாள். தாயைப் பார்க்கவில்லை. கடைசி முப்பது பக்கம் இருந்தது. நான் தமிழில் வாசிக்க, அவள் இடையில் ஓரிரு இடத்தில், “அன்ரி, அது பார்ன் இல்ல, ஷெட்,” என்று, நான் களஞ்சியம் என்றதைக் கொட்டிலாகத் திருத்தினாள். நாவலை அவள் எவ்வளவு கவனமாகப் படித்திருக்கிறாள் என்று அப்போது தெரிந்தது.

முடிவில் ஹன்னாவை எல்லைக்கல்லுக்கு அப்பால் தள்ளிவிடுகிறார்கள். பனி கொட்டுகிறது. றூத் ஒரு போர்வையை எடுத்துக்கொண்டு ஓடி வந்து கல்லடியில் நிற்கிறாள். அம்மா என்று கூப்பிடுகிறாள். ஹன்னா திரும்பிப் பார்க்கிறாள். அங்கே நாவல் முடிகிறது. நான் புத்தகத்தை மூடினேன்.

“மிச்சம்?” என்றார் தங்கேஸ்வரி.

“அவ்வளவுதான்.”

“போர்வைய வாங்கினவவா?”

“எழுதேல்லை.”

“வாங்கித்தான் இரிப்பா,” என்றார். “குளிர்தானே.”

டிலானி அழத் தொடங்கினாள். சத்தம் இல்லாமல், ஹூடியின் கையால் மூக்கைத் துடைத்தபடி. “நான் உங்களைப் பிடிச்சுக் குடுக்க எழுதேல்ல அம்மா. ஐ வாஸ் ஸ்கேர்ட். அந்த நேரம் உங்களுக்கு நான் ஆரெண்டே தெரியாது. நீங்க திரும்பி வராட்டி? அதான் எனக்குப் பயம். அம்மன் இல்ல.”

யோகராசா ஏதோ சொல்ல வாயெடுத்தார். தங்கேஸ்வரி அவர் கையில் தன் கையை வைத்தார்.

“தெரியாதுதான்,” என்றார் மகளிடம். “பொய் சொல்ல மாட்டன். அந்த நேரம் ஆரயும் தெரியாது. இறங்கினாப் பிறகு முதல்ல உன்னத்தான் தேடுற. நீ கதவப் பூட்டிற்று இரிப்பாய். நான் வெளிய நிண்டு கேப்பன், தண்ணி ஓடுற சத்தம். குளிக்கிறாய் எண்டு நினைச்ச.”

“நான் தண்ணியத் திறந்து விட்டிட்டு இருப்பன், சத்தம் கேக்காமல்.”

“எனக்குத் தெரியாமப் போயிற்று புள்ள.”

நான் எழும்பி வெளியே வந்து கதவைச் சாத்தினேன். கண்ணாடிக் கதவு என்பதால் அந்தப் பக்கம் பார்க்காமல் தள்ளுவண்டியில் இருந்த புத்தகங்களை அடுக்கினேன். கன காலத்துக்குப் பிறகு அடுக்கினேன். அரை மணித்தியாலம் கழித்து மூன்று பேரும் வெளியே வந்தார்கள். டிலானி தாயின் மழைக்கோட்டைக் கையில் வைத்திருந்தாள். இனி வெள்ளிக்கிழமைகளில் ஆட்கள் வருவதென்றால் டிலானி பள்ளிக்கூடத்தில் இருக்கிற நேரத்தில்தான் என்றும், வீட்டில் இருந்தால் முன்கூட்டியே சொல்லுவது என்றும் பேசிக்கொண்டார்களாம். யோகராசா எனக்குச் சொன்னார், ஏதோ சம்பள ஒப்பந்தம் முடிந்த மாதிரி.

படிவம் குழுவுக்குப் போனது. அவர் அதைத் திரும்பப் பெறவில்லை. ஐலீனும் திரும்பப் பெறச் சொல்லவில்லை. கேட்ட மனிதருக்குப் பதில் கிடைக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. யோகராசா இஸ்திரி போட்ட சேட்டோடு வந்து குழுவுக்கு முன்னால் இருந்தார். நான் மொழிபெயர்த்தேன். மூன்றாவது கேள்விக்கு ‘ஓம்’ என்று அவரே தன் கையால் தமிழில் எழுதியிருந்தார்.

“நல்லாத்தான் எழுதியிரிக்காங்க,” என்றார். “அந்தத் தாயில பிழை சொல்லல்ல. புள்ளயிலயும் பிழை சொல்லல்ல. அத நான் முதல் அறியல்ல. ஆனா புள்ளைகள் தனிய இதப் படிக்கப்படாது. தாய் தகப்பனும் படிக்கணும். அதுக்கு என்ன செய்வீங்க?”

பெற்றோரைப் படிக்க வைக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை என்று ஐலீன் சொன்னார். பெரியவர்களின் அலுமாரியிலும் ஒரு பிரதி வைக்கலாம், அது எங்கள் கையில் இருக்கிறது என்றார். யோகராசா யோசித்துவிட்டுச் சரி என்றார். பழைய ‘எடுத்துவிடவும்’ என்ற சொல்லை வெட்டி, ‘இன்னொன்றும் வைக்கவும்’ என்று எழுதச் சொன்னார். என் வேலைக் காலம் முழுவதிலும் அப்படி முடிந்த படிவம் அது ஒன்றுதான்.

ஆனால் சிறுவர் நலன் அலுவலகத்தின் பதில் வரவில்லை. பங்குனி முழுவதும் போயிற்று. அந்த இளம் அலுவலர் இரண்டு தரம் நேரில் வந்தார். கூட வந்த மொழிபெயர்ப்பாளர் திருகோணமலைப் பெண். உரு என்றால் என்னவென்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டி இருக்கவில்லை. டிலானியோடு பள்ளிக்கூடத்தில் தனியாகக் கதைத்தார்கள். ஒரு டொக்டரும் தங்கேஸ்வரியைப் பார்த்தார். என்ன முடிவு என்று ஒருவரும் சொல்லவில்லை. அந்த நாட்களில் தங்கேஸ்வரியைப் பஸ் நிறுத்தத்தில் ஒருமுறை கண்டேன். கண்ணுக்குக் கீழே கருவளையம். “நித்திர வாறல்ல அக்கா,” என்றார். “கதவு தட்டுற சத்தம் கேட்டா நெஞ்சு பதறுது.”

சித்திரையில் ஒரு சனிக்கிழமை, மூன்று மணி இருக்கும், அவர் தனியே வந்தார். கையில் உறை. பிரிக்கவில்லை.

“காலயிலதான் தபால் பெட்டியில கண்ட. அவர் வேலைக்குப் போயிற்றார். புள்ள பள்ளிக்கூட வேலயா இங்க பக்கத்திலதான் நிக்கா, அவளிட்டக் குடுக்க மனம் வரல்ல. நீங்க வாசிங்க.”

என் மேசைக்குப் பக்கத்தில் ஜன்னலோரம் இருந்த சாய்வு நாற்காலியில் அவரை இருத்தினேன். உறையைக் கிழித்தேன். அரைப் பக்கம்தான். முதலில் நானே வாசித்து முடித்தேன். பிறகு தமிழில் சொன்னேன். விசாரணை முடிந்தது. மகளின் பாதுகாப்புப் பற்றிய கவலை எதுவும் இல்லை. முன்பு கையெழுத்திட்ட தாள் இனிச் செல்லாது. கோப்பு மூடப்படுகிறது.

“இன்னொருக்கா,” என்றார்.

இன்னொரு தரம் வாசித்தேன்.

“அப்ப நான் புள்ளயோட தனிய இரிக்கலாம்?”

“ஓம். இண்டைக்கே இருக்கலாம். டிலானி பள்ளிக்கூட வேலையாப் பக்கத்திலதானே நிக்கிறாள். இங்க வரச்சொல்லட்டோ? ரெண்டு பேருமாப் போகலாம்.”

தலையாட்டினார். நான் டிலானிக்குத் தகவல் அனுப்பினேன். ஐந்து மணிக்கு வாறன் என்று பதில் வந்தது. அதைச் சொல்லத் திரும்பினால் தங்கேஸ்வரி கடிதத்தை மடியில் வைத்தபடி நித்திரையாகிவிட்டார். வாய் இலேசாகத் திறந்திருந்தது. சப்பாத்தைக் கழற்றிவிட்டு, காலை மடித்து வைத்து, ஒரு குழந்தை மாதிரி.

நூலகத்தில் நித்திரை கொள்ளக்கூடாது. அது எழுதி மாட்டியிருக்கிற விதி. பாதுகாவலர் சுற்றிவரும்போது கண்டுவிட்டார். மெதுவாகத் தோளைத் தட்டி எழுப்புவதற்குக் கிட்டப் போனார். நான் எழும்புவதற்குள், அந்தப் பக்கத்தில் இருந்து ஐலீன் அவரைப் பார்த்துத் தலையை அசைத்தார். வேண்டாம் என்று. பாதுகாவலர் ஐலீனை நம்பமுடியாமல் பார்த்தார். பிறகு போய்விட்டார்.

நாலேமுக்காலுக்கு, நூலகம் மூடப்போகிறது என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பது ஐலீனுடைய வேலை. ஒரு நாளும் தவறவிட்டதில்லை. அன்று அவர் ஒலிபெருக்கியைத் தொடவில்லை. எழும்பி, மேசை மேசையாகப் போய், ஒவ்வொருவரிடமும் குனிந்து, இன்னும் பதினைந்து நிமிடம் இருக்கிறது என்று காதோடு சொல்லிக்கொண்டு வந்தார்.